என்ன கொண்டு வந்தாய்?

கரும்பலகைக்கு முன்னால் – 17

இந்தத் தொடரின் சென்ற பகுதியை 2021 நவம்பர் 1-ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தேன். கொரோனாவுக்குப் பின் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்த நாள் அது. ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் கடைசியாகப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தது நாலாம் வகுப்பில். ஐந்தாம் வகுப்பு அப்பாவின் செல்போனில் வந்து போய்விட்டது. போன் இல்லாத வீடுகளில் அதுவும் வரவில்லை.

அந்த நவம்பரில்தான் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதினேன். எழுதி, மடித்து, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டு அலைந்தேன். 1997-ல் பணியில் சேர்ந்தவள் நான். பழைய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், "பென்ஷன் வரும்ல, போதும், வந்துரு" என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். 2020-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த வருடமே 60 ஆக்கினார்கள். ஆசிரியர் அறையில் அன்று ஜாங்கிரி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். நானும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் கூடவா என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

களைப்புக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வைகைக்குத் தெற்கே, கண்மாய்ப் பாசனம் பாதி பிளாட்டாகிப் போன ஊர் எங்கள் பள்ளி இருக்கும் ஊர். அந்தப் பிள்ளைகளை எனக்கு எப்போதும் பிடிக்கும். சம்பளமும் குறையில்லை. பதிவேடுகளும் இணையப் பதிவேற்றமும் எல்லாருக்கும் உள்ள பாரம். அதைச் சொல்லிப் புலம்புவதும் ஆசிரியர் அறையின் அன்றாடம். எனக்கு நேர்ந்தது வேறு. நான் பேசுவது எனக்கே கேட்காமல் போயிற்று. வாய் பாடத்தைச் சொல்லும். மனசு தெப்பக்குளம் நிறுத்தத்தில் நாலரை மணி பஸ்ஸுக்கு நிற்கும். அசோகர் எத்தனை முறை போரைக் கைவிட்டார்! இருபத்துநாலு வருடத்தில், வகுப்புக்கு இரண்டு பிரிவு என்று கணக்குப் பார்த்தால் கலிங்கத்தில் அவர் கிட்டத்தட்ட ஐம்பது தடவை என் வாயால் மனம் மாறியிருப்பார். ஒரு தடவைகூட எனக்கு ஏன் என்று தோன்றவில்லை.

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் வரலாற்றின் முதல் பாடம் 'வரலாறு என்றால் என்ன?' அந்தச் சொல்லின் மூலம் கிரேக்கச் சொல், அதன் பொருள் விசாரித்து அறிவது. ஒரு மதிப்பெண் வினா. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடிக்கோடு இடச் சொல்லி, மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எதையும் விசாரித்ததில்லை. நானும் விசாரித்ததில்லை.

---

2022 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தோழி ஒருத்தி என்னைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப் போனாள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-ல் தொடங்கிய பசுமை நடையோடு மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கெல்லாம் போய் வந்தவள் அவள். கல்வெட்டு அறிஞர்கள் வெ. வேதாசலமும் சொ. சாந்தலிங்கமும் பாறை முன்னால் நின்று விளக்கியதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பாள். அன்று கூட்டம் இல்லை, நாங்கள் இருவர்தான். அய்யனார் கோயில் ஆலமரங்களைத் தாண்டி, தாமரைக் குளத்தைத் தாண்டி, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம்.

பேச்சிப்பள்ளத்தில் சமணத் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கும் முந்தையவை. அவற்றின் கீழே வட்டெழுத்து. "இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா?" என்று கேட்டுத் தோழி நோட்டைப் பிரித்தாள். மதுரைக்குத் தெற்கே குரண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்று ஒரு சமணப் பள்ளி இருந்தது. அங்கே படித்தவர்கள் இந்த மலைக்கு வந்து திருமேனி செய்வித்திருக்கிறார்கள். தங்கள் பெயரைப் பொறிக்கும்போது இன்னாருடைய மாணாக்கர் என்று ஆசிரியர் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். குணசேனதேவர் என்ற ஆசிரியரின் பெயர் அப்படித்தான் இந்தப் பாறையில் நிற்கிறது. அந்தப் பெயரை வெட்டுவித்தவர்கள் அவருடைய மாணவர்களும், மாணவர்களின் மாணவர்களும்.

கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய். சங்கடமாக இருந்தது. என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் மூவாயிரம் பேராவது இருப்பார்கள். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் தருவார்கள், கல்யாணப் பத்திரிகை கொண்டு வருவார்கள். "டீச்சர்தான் எனக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தாங்க" என்று எவளாவது சொன்னால், அடுத்து "என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்கிறவருக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? இறங்கும்போது படிகளில் இதே யோசனைதான்.

அந்த வாரம்தான் கீழடி ஆசிரியரைப் பற்றி நிதானமாகத் தேடிப் படித்தேன். துண்டு துண்டாக முன்பே காதில் விழுந்த கதை. ஒரு வரலாற்று ஆசிரியையாக நான் அதை ஒழுங்காகப் படித்திருக்கவில்லை.

1970-களின் நடுவில் கீழடிப் பள்ளியில் பாலசுப்பிரமணியம் என்ற வரலாற்று ஆசிரியர் பணியாற்றினார். பழைய பொருள் எதையாவது பார்த்தால் தன்னிடம் காட்டும்படி மாணவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஊரில் கிணறு தோண்டும் இடத்தில் பழைய பொருட்கள் கிடைப்பதாக ஒரு மாணவன் வந்து சொன்னான். ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்தார். கிடைத்தவற்றைச் சேகரித்தார். தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னார். அறிஞர் வேதாசலமும் அந்த இடத்தை அறிந்துகொண்டார்.

பிறகு நாற்பது வருடம். தென்னந்தோப்புக்கு அடியில் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல் அப்படியே கிடந்தது. 2013-14-ல் இந்தியத் தொல்லியல் துறை வைகையின் இரு கரைகளிலும் கள ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தது. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2014-15-ல் கீழடியில் முதல் குழி போட்டார்கள். செங்கல் கட்டுமானங்கள் வந்தன, உறைகிணறுகள் வந்தன, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வந்தன. 2018-ல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தன் கையில் எடுத்தது. அந்த நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகத்தின் முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியானதும் மதுரையே கீழடிக்குக் கிளம்பிப் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்குள் திருவிழாக் கூட்டம். நானும் போனேன். குழியைப் பார்த்தேன், செல்போனில் படம் எடுத்தேன், திரும்பி வந்து திங்கட்கிழமை கலிங்கப் போர் நடத்தினேன்.

பாலசுப்பிரமணியத்தின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது கீழடியின் வயசு இல்லை. அவர் வகுப்பில் ஒரு மாணவனுக்கு ஆசிரியரிடம் வந்து சொல்ல ஒரு விஷயம் இருந்தது. வரலாறு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மட்டும் அள்ளிக் கொடுக்கும் சரக்காக அங்கே இருக்கவில்லை. பெஞ்சிலிருந்தும் வந்தது. இருபத்துநாலு வருடமும் நான் வகுப்புக்குச் சுமந்துகொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நாளும் ஒரு பிள்ளையிடம் "நீ என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்டதில்லை. கொடுத்துக்கொண்டே இருக்கிற கிணறு ஊற்று இல்லாவிட்டால் வற்றத்தான் செய்யும். ஓய்வெடுத்தால் சரியாகும், தியானம் செய்தால் சரியாகும் என்று பயிற்சி முகாம்களில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆசிரியரின் சோர்வுக்கு அவை போதாது என்பது என் முடிவு. பாடத்தில் விட்டது பாடத்தில்தான் திரும்பக் கிடைக்கும்.

---

2022 ஜூன் 13-ல் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பு, முதல் பாடம். கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வீட்டுல இருக்கிற பழைய சாமான் ஒண்ணு கொண்டு வாங்க. தங்கம் வேண்டாம், கத்தி அருவாள் வேண்டாம். அன்னைக்குச் சாயங்காலமே பத்திரமாத் திருப்பிக் கொண்டு போயிரணும். இது யாருது, எதுக்கு வச்சிருந்தாங்க, எப்ப இருந்து புழங்கலைன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வரணும்."

முதல் வெள்ளி ஏழு பேர் கொண்டு வந்தார்கள். அடுத்த வெள்ளி முப்பது பேர். உழக்கு, பாக்குவெட்டி, பனையோலைப் பெட்டி, மாட்டுச் சலங்கை, நடுவில் ஓட்டை போட்ட காலணா, அப்பத்தாவின் சுருக்குப்பை. வாய்விட்டு ஒரு வரி வாசிக்கத் திணறும் பையன் ஒருவன் கமலை உருளையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். கூடவே அவன் தாத்தாவும் வந்துவிட்டார். மாடு எந்தப் பக்கம் நடக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் கொட்டும் என்று இரண்டு பேருமாக வகுப்பின் நடுவில் நடந்தே காட்டினார்கள். அந்தப் பையன் பெயருக்கு நேரே 'மெல்லக் கற்பவர்' என்று எழுதியது நான்தான். அந்த எழுத்தைப் பிறகு பார்க்கும்போதெல்லாம் கூசியது.

ஒருத்தி மங்களூர் ஓடு கொண்டு வந்தாள். பாட்டி வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்ததாம். அடிப்புறத்தில் ஆங்கில எழுத்துகளில் பாசல் மிஷன் என்றும், 1865 என்றும் அச்சு. வகுப்பே எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. "அப்ப இந்த ஓட்டுக்கு நூத்தி அம்பத்தேழு வயசா டீச்சர்?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவன் கரும்பலகையில் கழித்தே காட்டினான்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஒப்பவில்லை. பாட்டியின் வீட்டுக்கு அவ்வளவு வயசு இருக்க முடியாது. ராத்திரி பதினோரு மணி வரை தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷனரிகள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் 1865. அந்த வருடத்தைத் தங்கள் முத்திரையோடு சேர்த்துப் பின்னாளில் செய்த ஓடுகளிலும் பதித்திருக்கிறார்கள். ஓடு பிறந்த வருடம் அது இல்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அடுத்த வகுப்புக்காக நான் விழித்திருந்த ராத்திரி அது. பி.எட். முடித்துச் சேர்ந்த முதல் வருடத்தில் அப்படி விழித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். "அப்ப நீங்க தப்பாச் சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா. நான் விசாரிக்காம சொல்லிட்டேன்." அந்த ஒரு மதிப்பெண் வினா அன்றைக்குத்தான் வகுப்பில் நடந்து முடிந்தது. கையோடு அடுத்த கேள்வி வந்தது: மங்களூரிலிருந்து இங்கே எப்படி வந்தது? ரயிலா, லாரியா, மாட்டுவண்டியா? பாட்டியிடம் கேட்கப் போனார்கள். பாட்டி இன்னொரு பாட்டியிடம் அனுப்பினார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி. வாடகைக் கொட்டகை. பழைய பொருள் என்று அந்த வீட்டில் என்ன இருக்கும்? மூன்று வெள்ளி வெறுங்கையோடு வந்தாள். நான்காம் வெள்ளி மேசையில் தன் பாண்டிச் சில்லை வைத்தாள். உடைந்த பானை ஓட்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கியது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அதையும் பதிவு நோட்டில் எழுதினேன்: சில்லு, சுட்ட மண், விளையாட, இன்றும் புழக்கத்தில் உள்ளது.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வேன் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். பானைகள், மணிகள், தந்தச் சீப்பு, பகடை எல்லாவற்றையும் அவர்கள் வேகமாகத்தான் பார்த்தார்கள். சில்லுகள் வைத்த கண்ணாடிப் பெட்டி முன்னால் மட்டும் கூட்டம் நகரவே இல்லை. நான்காம் கட்ட அகழாய்வில் சுமார் 600 வட்டச்சில்லுகள் கிடைத்திருக்கின்றன. "இந்தா, உன் சில்லு" என்று அந்தப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட வட்ட ஓடுகள் பானை மூடியாகவும் இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அதையும் அவர்களிடம் சொன்னேன். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூடின்னா ஓரத்த இம்புட்டுத் தேய்க்க மாட்டாங்க டீச்சர். கையில பிடிச்சு எறியுறதுக்குத்தான் ஓரத்தத் தேய்க்கணும். இல்லாட்டி விரலக் கிழிச்சிரும்."

அவள் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் தொல்லியல் படித்தவள் இல்லை. ஒரு சான்றைப் பார்த்து, தன் கைக்குத் தெரிந்ததை வைத்து, காரணம் காட்டி வாதிட்டாள். வரலாறு என்றால் என்ன என்ற பாடத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்கு நடத்தியதில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பயணத்தில் வரும் மதுரைக்குள் ஒரு முறைகூட நுழையாத பிள்ளை அவள்.

---

இதை நான் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு 2010-லேயே தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கிவிட்டார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கல்வெட்டு வாசிக்கப் பழகினார்கள், தங்கள் ஊர்ப் பக்கத்துத் தொல்பொருட்களைத் தாங்களே அடையாளம் கண்டு சொன்னார்கள். அதைப் பற்றிப் படித்துத்தான் எங்கள் பள்ளியிலும் ஒரு பதிவு நோட்டு வைத்தேன்.

எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பதிவேடுகள் அப்படியேதான் இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு ஒரே வருடத்தில் வானத்துக்கு ஏறவில்லை. கமலை உருளை கொண்டு வந்த பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான், கொஞ்சம் வேகமாக. சில்லுப் பிள்ளையின் குடும்பம் மறு வருடம் வேறு சூளைக்குப் போய்விட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட யாரும் வரவில்லை. அவள் இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறாள், பள்ளியில்தான் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் என்னோடு இருக்கிறது. மாறியது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைக்கு நான் காத்திருக்கிறேன். விண்ணப்பத் தாளின் மறுபக்கத்தில் பிள்ளைகள் கொண்டு வந்த சாமான்களின் பட்டியலை எழுத ஆரம்பித்து, அது எப்போதோ நிறைந்துவிட்டது.

தெப்பக்குளத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகிறது. திருமலை நாயக்கர் அரண்மனைக்கு மண் எடுக்க அங்கே தோண்டியபோதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்று மதுரையில் எல்லாரும் சொல்வோம். தோண்டினால் ஏதாவது அகப்படும் மண் இது. இன்று கிணற்றைவிட அஸ்திவாரமும் போர்வெல்லும் செப்டிக் டேங்க்கும்தான் அதிகம் தோண்டுகிறோம். பொக்லைன் ஒரு வாரு வாரினால் பானையும் எலும்பும் மண்ணோடு லாரியில் ஏறிவிடும்.

ஆகவே மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்திலோ வீட்டு மனையிலோ கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளோ, பெரிய செங்கல்லோ, மண் உறையோ, தாழியோ தென்பட்டால் வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கிடைத்ததைக் கலைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மூலையில் கிடைத்தது என்பதுதான் அந்தப் பொருளைவிடப் பெரிய சான்று. ஒரு படம் எடுத்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். அதோடு உங்கள் பிள்ளையிடமும் சொல்லி, திங்கட்கிழமை காலையில் தன் வரலாற்று ஆசிரியரிடம் அதைச் சொல்லும்படி அனுப்பி வையுங்கள்.